பார்க்காத மூன்று நாள்

அருளப்பன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் திருடியிருக்கிறான். அதை யாரும் பார்க்கவில்லை, அதற்காக யாரும் அவனைத் தண்டிக்கவும் இல்லை. அவனுக்குத் தண்டனை கிடைத்தது அவன் செய்யாத திருட்டுக்கு. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் வேறு யாருடைய கதையையாவது படிக்கலாம்.

அவன் பிறந்தது சிலுவைத்துறையில். தாமிரபரணி கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, முந்நூறு வீடும் ஒரு கோயிலும் உள்ள ஊர். அங்கே யாருக்காவது பொருள் காணாமல் போனால் போலீசுக்குப் போகிற வழக்கம் இல்லை. பறிகொடுத்தவர் மூடி போட்ட ஓலைப்பெட்டி ஒன்றைக் கடற்கரையில் உள்ள அந்தோணியார் குருசடி என்ற சிறு கோயிலின் படியில் வைத்துவிட்டு வந்துவிடுவார். மூன்று நாள் அது அங்கேயே இருக்கும். அந்த மூன்று நாளும் குருசடியைக் கடந்து போகிறவர்கள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பக் கூடாது. மீன் கொண்டுபோகிற பெண்கள் முந்தானையைக் கண்ணோரம் இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பார்கள். மூன்றாம் நாள் உச்சிமணி அடித்ததும் பெட்டியைத் திறந்து பார்த்து, பொருள் இருந்தால் குருசடி மணியை ஒரு தடவை அடிக்க வேண்டும். எவன் எடுத்தான், ஏன் எடுத்தான் என்று கேட்கிறவனுக்குத்தான் ஊர்க் கமிட்டியில் அபராதம்.

இருபத்திரண்டு வயதில், கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இரண்டு வாரம் அடுப்பு சரியாக எரியாத ஒரு ஆடி மாதத்தில், அருளப்பன் ஜோன்ஸ் அண்ணாச்சியின் படகிலிருந்து வெண்கலக் காத்தாடியைக் கழற்றினான். தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுகிற காத்தாடி. அது இல்லாவிட்டால் படகு வெறும் மரக்கட்டை. பழைய உலோகக் கடைக்குக் கொண்டுபோகத் தைரியம் வராமல் மணலில் புதைத்து வைத்தான். ஜோன்ஸ் பெட்டி வைத்தார். இரண்டாம் நாள் மத்தியானம், ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டு போன வெயிலில், அருளப்பன் காத்தாடியைக் கொண்டுபோய் வைத்தான். பெட்டிக்குள் அது பாதிதான் நுழைந்தது. அடுத்த நாள் மணிச் சத்தம் கேட்டபோது வீட்டுக்குள் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அடுத்த மாதம் அதே ஜோன்ஸ் அவனைப் படகில் சேர்த்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் அந்தப் படகில் போனான், பிறத்தியார் பொருளில் ஒரு தூண்டில் முள்ளைக்கூடத் தொட்டதில்லை. கல்யாணமாகி வந்த லூசிக்கும் காத்தாடி விஷயத்தைச் சொல்லவில்லை. வலை இழுக்கும் வின்ச் கயிற்றில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் போன பிறகு அவனிடம் மிஞ்சியது பெயர் ஒன்றுதான். ‘அருளப்பன் கையில குடுத்தா பத்திரம்’ என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் அவனுக்கு மியூசியத்தில் காவல் வேலை கிடைத்தது.

மியூசியம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆழ்வார்திருநகரிக்குப் போகிற சாலையில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு பரம்பு, செம்மண் மேடு. அதைத் தோண்டியதில் கிடைத்த முதுமக்கள் தாழிகளையும் துருப்பிடித்த ஈட்டிகளையும் வைக்க நாலு அறைக் கட்டடம். கடைசி அறையில் ஒரு கண்ணாடிப் பேழை. அதற்குள் தங்கத்தில் ஒரு நெற்றிப்பட்டம், கட்டைவிரல் அகலத்தில், வெங்காயத் தோல் கனத்தில். இரண்டு முனையிலும் நூல் கோக்கத் துளை உண்டு. ஒரு குழந்தையின் தாழிக்குள் கிடைத்ததாம். அருளப்பன் தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பான். பக்கத்து ஊர்க்காரர்கள் யாரும் உள்ளே வந்து பார்த்ததில்லை. பரம்பிலிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் அள்ளி வீடு கட்டியவர்கள் அவர்கள், உடைந்த பானையைப் பார்க்கவா வரப்போகிறார்கள்?

ஒரே ஒரு நாள் திரண்டு வந்தார்கள். போன வருஷம் மாசி மாதம், யாரோ ஒருவன் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வாழைத்தார் வெட்டிவிட்டான் என்று துரத்திப் பிடித்து, மியூசியத்தின் இரும்புக் கேட்டில் கட்டினார்கள். கட்டுவதற்குக் கயிறு கேட்டார்கள். பார்வையாளர்களை வரிசையில் நிறுத்த வாங்கி, ஒரு நாளும் பயன்படாத கயிறு உள்ளே கிடந்தது. எடுத்துக் கொடுத்தவன் அருளப்பன். ஊரோடு ஒத்துப்போக வேண்டியதுதானே என்று நினைத்தான். தேன்மொழி என்று ஒரு அம்மாள், சாலையோரம் இளநீர் விற்பவள், செருப்பைக் கழற்றி அந்த ஆளின் வாயிலேயே அடித்தாள். “ஒழச்சுத் திங்கதுக்கு என்னலே கேடு?” என்று கேட்டாள். பதில் சொல்ல அவனுக்குப் பல் இல்லை. பிறகு எல்லோரும் வரிசையாக வந்து மியூசியக் குழாயில் கை கழுவிக்கொண்டு போனார்கள். அவனுக்கு ஒரு கண் போய்விட்டது என்று பின்னால் கேள்வி. வழக்கு எதுவும் இல்லை.

இந்த வருஷம் பேழைகளுக்குள் புது விளக்கு போட ஆள் வந்தார்கள். வேலையை எடுத்திருந்தது ஜெர்வின், லூசியின் அண்ணன் மகன். அவனோடு மூன்று பேர், எல்லோரும் சிலுவைத்துறைப் பையன்கள். சிபாரிசு செய்தது அருளப்பன்தான். காப்பாட்சியர் தாஜ் முகம்மது நல்ல மனிதர். காயல்பட்டினத்துக்காரர். திங்கட்கிழமை காலையில் பேழையைத் தன் சாவியால் திறந்து கொடுத்துவிட்டு, “வேலை முடிஞ்சதும் பூட்டை அமுக்கிருங்க அருளப்பன். நான் வெள்ளிக்கிழமைதான் வருவேன்” என்று சொல்லிச் சென்னைக் கூட்டத்துக்கு ரயிலேறினார். அருளப்பன் காவலுக்கு நின்றான். பதினொரு மணிக்கு, நம்ம ஊர்ப் பிள்ளைகள் வேர்த்து நிற்கிறதே என்று சாலைக்குப் போய் டீ வாங்கி வந்தான். சாயங்காலம் உள்ளே எட்டிப் பார்க்காமலே பூட்டை அமுக்கினான்.

செவ்வாய்க்கிழமை கண்ணாடியைத் துடைக்கும்போது உள்ளே நெற்றிப்பட்டம் இல்லை. அது கிடந்த சிவப்புத் துணியில் அதன் தடம் மட்டும் இருந்தது.

காப்பாட்சியரிடம் சொல்லப் போனைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். போன் போனால் போலீஸ் வரும். நாலு பையன்களையும் அள்ளிக்கொண்டு போவார்கள். ஒருவன் எடுத்ததற்கு நாலு பேர் வாழ்க்கை நாசமாகும். கேட்டில் கட்டியிருந்த ஆளின் வாய் அவன் ஞாபகத்துக்கு வந்தது. தன் காத்தாடியும் ஞாபகத்துக்கு வந்தது. இந்த நிலையில் வேறு எந்தக் காவலாளியும் போனைத்தான் அமுக்கியிருப்பான். சிலுவைத்துறைக்காரன் அருளப்பன் சோறு கொண்டுவருகிற தன் ஓலைப்பெட்டியைக் காலி செய்தான்.

பேழையின் மேல் ஒரு துணியை மூடி, ‘பராமரிப்புப் பணி’ என்ற பலகையை முன்னால் வைத்தான். பிறகு ஜெர்வினைத் தனியாகக் கூப்பிட்டான்.

“ஏலே, ஒரு பொருளு காணல. எவன்னு நான் கேக்க மாட்டேன். ஒன் ஆளுககிட்டச் சொல்லு. பைப்படி ரூம்புல ஓலைப்பெட்டி வச்சிருக்கேன். மூணு நாளு. நான் அங்கன திரும்பிப் பாக்க மாட்டேன்.”

ஜெர்வின் முகம் வெளுத்தது. “சரி மாமா, சொல்லுதேன்” என்றான்.

சொன்ன சொல் மாறாமல் அருளப்பன் மூன்று நாள் தண்ணீர்க் குழாய் இருந்த அந்த அறைப் பக்கம் திரும்பவில்லை. தாகத்துக்குத் தண்ணீர்கூடத் தேன்மொழி கடையில் வாங்கிக் குடித்தான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போய் மூடியைத் திறந்தான். விளக்கு வந்த அட்டைக்குள் சுற்றி, பட்டம் இருந்தது. அன்றைக்குத் தன் வீட்டுக்குள் அழுததுபோலவே அழுதான். அடிக்க மணி இல்லை, தண்ணீர்த் தொட்டியை ஒரு தடவை தட்டினான்.

தாஜ் முகம்மது அப்போதுதான் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அருளப்பன் பெட்டியோடு ஓடிப்போய் மேசையில் வைத்தான்.

“சார், வந்துட்டு சார்!”

போனதே தெரியாத மனிதரிடம் வந்துவிட்டது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அட்டையைப் பிரித்துப் பார்த்தார். முகம் இருண்டது.

“இதுல ஒரு முனை எங்க, அருளப்பன்?”

அப்போதுதான் அவனும் பார்த்தான். ஒரு பக்கத்துத் துளையோடு சேர்த்து, இரண்டு நகம் அளவுக்குப் பிய்ந்து போயிருந்தது. வெங்காயத் தோல்தானே, அவசரமாக எடுத்தவன் கையில் கிழிந்திருக்கும். இல்லையென்றால் கொஞ்சத்தைப் பிய்த்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பினானோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

“முழுசா இருந்திருந்தா நானே பேழையில வச்சுப் பூட்டி வாய மூடியிருப்பேன்” என்றார் தாஜ் முகம்மது. “ஒரு போன் பண்ணியிருந்தாப் போதுமே. மூணு நாளா துணிய மூடி வச்சிருந்தீங்களா? நான் எப்படி எழுதுவேன், என்னன்னு எழுதுவேன்?” அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்த நல்லவனைவிடப் பெரிய ஆபத்து உலகத்தில் இல்லை.

போலீஸ் வண்டி வந்தபோது கேட்டில் பழைய கூட்டமே கூடியது. அருளப்பன் இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டான். யாரும் அடிக்கவில்லை. எல்லோரும் வழிவிட்டார்கள். வாழைத்தார் திருடனைச் செருப்பால் அடித்த தேன்மொழி ஒரு இளநீரைச் சீவி நீட்டினாள்.

“குடிங்க அண்ணாச்சி. மூஞ்சி வாடிப்போச்சே.”

“கோடிக்குப் போகுமாம்வே” என்றான் ஒருவன்.

“கவருமெண்டு பொருளுதான, எவன் வீட்டுத் தாலிய அறுத்தாரு?” என்றான் இன்னொருவன். “எடுத்ததுதான் எடுத்தாரு, திருப்பி ஏன் குடுத்தாருங்கேன்? வெவரங்கெட்ட மனுசன்.”

செருப்படி விழுந்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவன் திருடன் என்பதில் அங்கே ஒருவனுக்கும் சந்தேகம் இல்லை. திறமை போதாத திருடன் என்பதில்தான் வருத்தம்.

அடி அதற்குப் பிறகு கிடைத்தது. கேள்வி ஒன்றேதான்: மிச்சம் எங்கே? இரண்டு நகம் அளவுத் தங்கத்துக்காக ஏழு விரல்களில் நாலு நகங்கள் போயின. வேறு யார் வந்தார்கள் என்று கேட்டபோதெல்லாம், “பாக்கல சார். பாக்கக் கூடாது சார்” என்றான். அதற்கு அவர்கள் சிரித்தார்கள். ஜெர்வினைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “மாமா என்கிட்ட எந்தப் பெட்டியப் பத்தியும் சொல்லல” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். சொன்னார் என்று எழுதினால் தன் மூன்று ஆட்களோடு அவனும் நாலாவது ஆளாகக் கூண்டில் நிற்க வேண்டும், பாவம், அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு.

நாற்பத்தொரு நாள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தான். சிலுவைத்துறைக்கு வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் கமிட்டிக் கூட்டம். தலைவர் ஜோன்ஸ். எழுபது தாண்டியும் குரலில் கம்பீரம் குறையவில்லை.

“டிவியில நம்ம ஊர் பேரச் சொல்லுதான். பெட்டி வச்சுத் திருடுத ஊருங்கான். இனிமே இந்த மூணு நாள் கூத்தே வேண்டாம். குருசடியில கேமரா மாட்டுவோம். எவன் எடுத்தாம்னு தெரிஞ்சா கைய ஒடச்சுப் போடுவோம். என்ன சொல்லுதீய?”

எல்லோரும் சரி என்றார்கள். ஜெர்வின்தான் கேமராவுக்கு இலவசமாக வயர் இழுத்துத் தருவதாகச் சொன்னான்.

அருளப்பன் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பேசாமல் இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் அந்தக் குருசடிப் படி போய்விட்டால் தனக்கு மிஞ்சிய கடைசிப் பொருளும் போய்விடும் என்று அவனுக்குத் தோன்றியது.

“அண்ணாச்சி, கேமரா வேண்டாம்” என்றான். “முப்பத்து மூணு வருஷத்துக்கு மின்ன ஒங்க போட்டுக் காத்தாடி போச்சே, நெனவிருக்கா? அதக் கழத்துனது நாந்தான். பெட்டியில வச்சதும் நாந்தான். அன்னைக்கு என்னைய ஒருத்தர் பாத்திருந்தாலும் நான் நாசமாப் போயிருப்பேன். பாக்காததுனாலதான் மனுசனானேன். அதச் சொல்லத்தான் நிக்கேன்.”

கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நம்பினான்.

ஜோன்ஸ் பைய எழுந்தார்.

“அப்போ அன்னைக்கே நீ கள்ளப்பயதான?”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் பேசினார்கள். எந்த வருஷம் யார் வீட்டில் அண்டா போனது, யார் சங்கிலி போனது, யார் பெட்டி வைத்தும் வெறும் பெட்டியாக வந்தது என்று முப்பது வருஷத்துத் திருட்டுக்கெல்லாம் பத்து நிமிஷத்தில் ஆள் கிடைத்துவிட்டான். ஜெர்வின் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்து லூசி எழுந்து தனியாக நடந்தாள்.

அருளப்பன் வீட்டுக்கு வந்தபோது அவள் அலமாரி முன்னால் நின்றிருந்தாள். அதற்குள் இருந்தது அவளுடைய ஒரு ஜோடிக் கம்மலும், பிறந்த வீட்டில் போட்ட ஒரு சங்கிலியும். இருபத்தொன்பது வருஷமாக அந்த அலமாரிச் சாவி நிலைப்படி ஆணியில் எல்லோரும் பார்க்கத் தொங்கியது. மியூசியத்தில் எடுத்தது நீங்கள்தானா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். அவள் கேட்கவில்லை. அலமாரியைப் பூட்டினாள். சாவியை ஆணியில் மாட்டாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகுதான் வாசலில் அவன் நிற்பதைக் கவனித்தாள். அவள் கை சாவியின் மேல் அப்படியே நின்றது.

அருளப்பன் தன் ஊர் வழக்கப்படி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.