மரம் வெட்டியவரைத் தள்ளி நிற்கச் சொன்னவன்

இன்று காலை ஈப்போவில் வழக்கமான கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மேசையில், பள்ளியில் என்னோடு படித்த ஒருவன் கேமரா முன்னால் பேசிக்கொண்டிருந்தான். இப்போது ஊர்ப்பெருமை வீடியோ போடுவதுதான் அவன் வேலை.

"நான் பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டத்துப் பையன். அப்பாகூட பால்மரம் வெட்டி வளந்தவன்," என்றான்.

அவன் அப்பா வங்கி அதிகாரி. டவுனில் மாடி வீடு. பள்ளிக்குக் காரில் வருவான். தோட்டத்துப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவான்.

அந்த நேரம் ராஜம்மா அக்கா மேசை துடைக்க வந்தார். இருபது வருடம் பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்தவர். தோட்டத்தை விற்ற பிறகு இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா. வீடியோல விழுறீங்க."

அக்கா நகர்ந்தார். துணியை மடித்தபடி கேட்டார். "ஒங்க தோட்டத்துல பெரட்டு எத்தன மணிக்கு தம்பி?"

"பெரட்டுன்னா என்னாக்கா?"

விடியுமுன் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான். தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும்.

அக்கா அடுத்த மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.

"இத கட் பண்ணிரு மச்சான்," என்று கேமரா பிடித்தவரிடம் சொன்னான். முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை அவன் அம்மாவும் மரம் வெட்டினார்.

கேமராவைக் கண்டதும் தோட்டத்தில் பிறந்துவிடுகிறவர்கள் உங்கள் ஊரிலும் உண்டா, இல்லை ஈப்போவுக்கு மட்டும்தான் இந்தப் பெருமையா?