பின் பாக்கெட் இல்லாத பேண்ட்

பேண்ட்டுக்குப் பின்னால் பாக்கெட் வைக்கலாம் என்று முதலில் நினைத்தவன் எவனோ, அவன்மேல் தையல்காரருக்குப் பல வருஷத்துக் கோபம். புதுப் பேண்ட்டைத் தொடையில் விரித்துப் போட்டு, பிளேடு முனையால் பாக்கெட் தையலை நெம்பி நெம்பிப் பிரிக்கும்போதெல்லாம் அவனுக்கு அர்ச்சனை நடக்கும். "பர்ஸ் வெக்க முன்னாடி எடமா இல்ல? நாள் பூரா உக்காந்தே கெடக்கறவன் ஒருத்தன் இருப்பானேன்னு யோசிச்சானா, படுபாவி!"

அவர் வேலை பார்க்கும் இல்லத்தில் எல்லாரும் உட்கார்ந்தே கிடப்பவர்கள்தான். முதுகுத்தண்டில் அடிபட்டு, சிலருக்கு இடுப்புக்குக் கீழே, சிலருக்கு மார்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. துணி மடிப்பு உறுத்தினால் நாம் நெளிந்து உட்காருவோம். அவர்களுக்கு உறுத்தாது. அதுதான் வம்பு. ஒரு பித்தான் போதும், ஒரு தடித்த தையல் போதும். சாயங்காலம் தோல் சிவந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் புண்ணாகிக் குழி விழும். அப்புறம் மாசக்கணக்கில் குப்புறப் படுக்கைதான்.

தையல்காரர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தடித்த ஆள், தடித்த குரல். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூல் சுற்றிக் கட்டியிருப்பார். துணி துவைக்கும் அறையை ஒட்டி அவருக்கு ஒரு மிஷினும் ஒரு ஜன்னலும் உண்டு. வேலை முடிந்த துணியை உள்பக்கம் வெளியே புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் தடவுவார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துவிட்டது, அதை நம்பமாட்டார். கடைசியில், உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணிமேல் ஓட்டுவார். டப்பாவில் குண்டூசிக் கணக்கு நேராகாமல் கதவைப் பூட்டியது கிடையாது. யாராவது நன்றி சொன்னால், "போய்யா, வேலயப் பாரு" என்பார்.

லைன்மேன் வேலையில் சேர வேண்டிய நாளில்தான் கணக்கு உதைத்தது.

மின்கம்பத்திலிருந்து விழுந்து இல்லத்துக்கு வந்தவன் அவன். முப்பது வயசிருக்கும். மின்சார அலுவலகத்திலேயே போன் எடுக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். "கம்பத்து மேல ஏறி வாங்குன திட்ட இனிமே உக்காந்துக்கிட்டே வாங்கலாம்ணே" என்று அவனுக்கு ஒரே குஷி. ஏற்கனவே ஒருமுறை கிடைத்து, சேரும் சமயத்தில் புண் வந்து, குப்புறப் படுத்தே அதைக் கோட்டை விட்டவன். இந்தத் தடவையும் போகவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

காலையில் கடைசித் தையலை முடித்து நூலை அறுத்ததுதான் தாமதம், புறங்கை வைக்கக்கூட விடாமல் பேண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

"டேய், காந்தம் ஓட்டலடா!"

"ராத்திரி வந்து ஓட்டிக்கங்க, மாப்ள கெளம்பியாச்சு!"

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் கலவரம். லைன்மேனுக்கு நெற்றி குப்பென்று வேர்த்து, தலை வெடிக்கிறது என்றான். உணர்ச்சி இல்லாத இடத்தில் ஏதாவது இடைஞ்சல் என்றால் அவனுக்கு அப்படித்தான் தெரியும். கீழே வலிக்காது, மேலே வேர்க்கும். சிஸ்டர் ஓடிவந்து பெல்ட்டைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாயைப் பார்த்தார். தொடைக்கு அடியில் மடங்கி அடைத்திருந்தது. மடிப்பை எடுத்துவிட்டதும் குழாயில் மாட்டியிருந்த பை நிரம்பியது, வேர்வை அடங்கியது. எல்லாருக்கும் மூச்சு வந்தது.

தையல்காரருக்கு மட்டும் வரவில்லை. டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். "சிஸ்டர், அவனக் கட்டில்ல போடுங்க. ஒரு ஊசி கொறையுது."

லைன்மேனை ஏற்றிப்போக வந்திருந்த வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார்.

"ட்யூபுதான்னு சிஸ்டரே சொல்லிட்டாங்கல்ல! இன்னிக்கும் போவலன்னா அந்த வேல போச்சுண்ணே!"

"குத்திக்கிட்டுப் போனா மொத்தமாப் போச்சுடா. படு!"

லைன்மேன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தான். சிஸ்டர் பேண்ட்டை உருவி, அவனைப் புரட்டி, இடுப்பு, தொடை, முட்டி மடிப்பு என்று விளக்கடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. தையல்காரர் பேண்ட்டில் காந்தம் ஓட்டினார். இல்லை. நாற்காலி மெத்தையில் ஓட்டினார். இல்லை. அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. தையல் அறைக்கு ஓடி, வெட்டுத்துணிக் கூடையைத் தரையில் கவிழ்த்தார். துணிக் குவியலுக்குள் காந்தத்தை விட்டுத் துழாவினார்.

டக்.

பிரித்துப் போட்ட பாக்கெட் துணியிலேயே, குத்தின ஊசி குத்தினபடி இருந்தது.

"சனியனே, இங்க உக்காந்துக்கிட்டு வேடிக்கையா பாக்கற?" தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வாசற்படியில் வந்து நின்ற சிஸ்டர், "ஏண்ணே, உங்களயும் கட்டில்ல போடணுமா?" என்றார்.

பேண்ட் மறுபடி ஏறியது. குழாய் மடங்காமல் இருக்கிறதா என்று சிஸ்டர் இரண்டு தரம் பார்த்தார். வராந்தாவில் லைன்மேன் தலை வாரிக்கொண்டான். வண்டிக்காரர் கதவைத் திறந்து, நாற்காலி ஏறப் பலகையைச் சாய்த்து வைத்தார்.

"கெளம்புடா. ஊசிக்கும் ஒனக்கும் பயந்தே என் ஆயுசு போவுது."

"ஒரு நிமிஷம்ணே. ஒண்ணே ஒண்ணு."

"இன்னும் என்ன?"

லைன்மேன் வண்டிக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி, கால் மேல காலு போட்டு விடுங்கண்ணே. சும்மா கொஞ்ச நேரம். நானே தூக்குனா குப்புறப் போயிடுவேன்."

தையல்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவன் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"எந்தக் காலுடா மேல?" என்றார்.