கிரிக்கெட் இல்லாத குற்றம்

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் நாற்பத்திரண்டு மைல். பஸ் கட்டணம் பதினான்கு அணா. போன ஆடியில் காலை ஆறு மணி வண்டியில் புறப்பட்டேன். அன்னூரில் என் மைத்துனர் பழனிச்சாமி இரண்டு கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். கோடையில் சத்தியமங்கலத்து மலையடிவார மேய்ச்சலுக்கு அனுப்பியிருந்த அவருடைய காங்கேயம் காளைகளைக் காட்டிலாகாவினர் பிடித்து அடைத்துவிட்டார்கள். அன்னூரில் மழை பெய்திருந்தது. ஈரம் காய்வதற்குள் உழாவிட்டால் இந்த வருஷம் சோளம் கிடையாது.

"மாட்டை வாங்கிப்போட்டு நடந்தே வந்துருவேனுங்க," என்று கண்டக்டரிடம் சொன்னார்.

பத்து மணிக்குக் காட்டிலாகா பங்களாவில் துரையைப் பார்த்தோம்.

"நேத்து வரைக்கும் ஊர் மேய்ச்சலுங்க. மாடு மேயறப்பவே எல்லைக்கல்லைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டுப்போட்டாங்க," என்றார் பழனிச்சாமி.

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தலையை ஆட்டி, "நாட் கிரிக்கெட்," என்றார்.

"கிரிக்கெட் இல்லைங்கறார் துரை," என்று குமாஸ்தா மொழிபெயர்த்தார்.

பழனிச்சாமி அவசரமாக மடியை அவிழ்த்து பஸ் சீட்டை நீட்டினார். "டிக்கெட் எடுத்துத்தானுங்க வந்தேன்."

துரையும் குமாஸ்தாவும் சிரித்தார்கள்.

கிரிக்கெட் வெள்ளைக்காரர்களின் பந்தாட்டம். நடுவர் விரலைத் தூக்கினால் மட்டைக்காரர் முணுமுணுக்காமல் வெளியேற வேண்டும். எதிர்த்து வாதாடுவது மரியாதை இல்லை. அதனால், முறைகெட்ட காரியம் எதுவானாலும் 'அது கிரிக்கெட் இல்லை' என்பது அவர்கள் வழக்கம். பிடிபட்ட பிறகு நியாயம் பேசுகிறாயே என்பதுதான் துரை சொன்னதற்கு அர்த்தம். கல்லை நகர்த்தியவர்கள் முறை பேசுகிறார்கள்!

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்: "ஆட்டம் நடக்கும்போதே எல்லையை நகர்த்துவது மட்டும் கிரிக்கெட்டா?"

துரையின் முகம் சிவந்தது. அடுத்த மனுக்காரரைக் கூப்பிடச் சொன்னார். காளைகள் ஏலத்துக்குப் போகும் என்று வாசலில் வைத்துக் குமாஸ்தா சொன்னார்.

மாலையில் அதே பஸ்ஸில் திரும்பினோம். அந்த இங்கிலீஷுக்கு அர்த்தத்தை வழியில் விளக்கிச் சொன்னேன். பழனிச்சாமி கேட்டுக்கொண்டார். இருபுறமும் தோட்டங்களில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

கண்டக்டர் வந்து, "ஏனுங்க, நடந்து வாரேன்னீங்களே, மாடு எங்கீங்க?" என்றார்.

பழனிச்சாமி கயிறுகளை மடியில் வைத்துச் சுருட்டினார்.

"டிக்கெட் இருந்துதுங்க. கிரிக்கெட்தான் இல்லைன்னுபோட்டாங்க."