தாய்மாமன் ஜாடை

கடைக்கு வருகிறவர் உட்கார்ந்ததும் அளவக்கா முதலில் பார்ப்பது காலைத்தான்; முகமெல்லாம் பிறகு. "எட்டு. இடது கால் கொஞ்சம் அகலம். எட்டரை போட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறிவிடுவாள். அளவுப் பலகையை அவள் தொட்டு யாரும் பார்த்ததில்லை. செருப்புக்கடையில் பதினேழு வருடமாக இதே வேலை. முதலாளியே அவளை அளவக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

குடும்பமாக யாராவது வந்துவிட்டால் அவளுக்குக் கொண்டாட்டம். "சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருக்கு பாருங்க, அப்பா காலை அப்படியே உரிச்சு வச்சிருக்கு! மூஞ்சியில ஏமாத்தலாம் சார், கால்ல ஏமாத்த முடியாது" என்பாள். அப்பாக்கள் பூரித்துப்போவார்கள். ஒரு ஜோடிக்கு வந்தவர்கள் இரண்டு ஜோடி வாங்கிப் போவார்கள்.

ஆறு மாதமாக அந்தப் பேச்சு இல்லை.

அவளுடைய தம்பி தபால்காரன். முப்பத்தொன்பது வயது, கல்யாணமாகாதவன். சிகரெட் கிடையாது, தொப்பை கிடையாது. ஒருநாள் காலை மூன்றாவது மாடிக்குத் தபால் கொண்டுபோனவன் படியிலேயே சரிந்தான், எழவில்லை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இதயத்தின் தசைச்சுவர் அளவுக்கு மீறித் தடித்திருந்ததாம். பரம்பரையாக வருவதாம். கூடப்பிறந்தவளும் ஸ்கேன் எடுக்க வேண்டும். அவளுக்கும் இருந்தால், பெற்ற பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"எங்கப்பாவும் நாப்பது தாண்டல டாக்டர். மாரடைப்புன்னு சொல்லிட்டாங்க, நாங்களும் விட்டுட்டோம்" என்றாள்.

குனிந்து எழும்போது வரும் தலைச்சுற்றலை, காலையில் சாப்பிடாமல் ஓடிவருவதால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். ஸ்கேனில் அவளுக்கும் சுவர் தடித்திருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். தனக்கு என்றபோது அவள் அசையவில்லை. மகனை நினைத்தபோதுதான் பயந்துபோனாள்.

மகனுக்குப் பதினைந்து வயது, ஒரே பிள்ளை. நடை, சிரிப்பு, தும்மல்கூடத் தாய்மாமன் ஜாடை. பள்ளிக் கால்பந்து அணியில் இருக்கிறான். அவன் குளிக்கப் போனால், தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று இவள் கதவுக்கு வெளியே நிற்பாள். மாடியேறி வந்தால் வழியை மறித்துக்கொள்வாள்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா."

"உண்மையச் சொல்லு."

"நீ கேக்குற கேள்வியிலதாம்மா மூச்சு முட்டுது."

அவனைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக மூன்று முறை நாள் குறித்தாள். மூன்று முறையும் ஏதோ சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தாள். "தெரியாத வரைக்கும் அவன் நல்லாத்தானே இருக்கான்" என்றாள் கணவனிடம்.

"உன் தம்பியும் தெரியாமத்தானே இருந்தான்" என்றார் அவர்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பையனை அழைத்துப்போனாள்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. அந்த நோயைக் கொண்டுவரும் மரபணு அவனுக்கும் வந்திருந்தது. ஆனால் சுவர் இன்னும் தடிக்கவில்லை.

"தடிக்காமலே போனாலும் போகலாம். வருஷா வருஷம் ஸ்கேன் பார்ப்போம். தலை சுத்தினாலோ நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ உடனே சொல்லணும், மறைக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

"பந்து விளையாடலாமா?" என்று கேட்டான் பையன்.

"விளையாடு" என்ற டாக்டர், அவள் பக்கம் திரும்பினார். "அவனைப் பொத்திப் பொத்தி வைக்காதீங்கம்மா."

அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்தபோது, தெருக்கோடியில் அவர்களுடைய பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. "நீ மெதுவா வாம்மா, நான் நிறுத்தி வைக்கிறேன்!" என்று அவன் பாய்ந்தான்.

"ஓடா..." என்று தொண்டைவரை வந்துவிட்டதை அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்தி நிறுத்தினாள். அவன் பஸ்ஸைப் பிடித்து, படியில் நின்று, திரும்பிக் கையசைக்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.