முந்திக்கொண்ட பேனர்

எங்கள் தெருமுனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. அதற்குப் பின்னால் இரண்டு சவுக்குக் கட்டைகளை நட்டு, மாரத்தானுக்கு முந்தின நாள் சாயங்காலமே பேனர் கட்டிவிட்டார்கள். நான் வேலை முடிந்து அம்பத்தூரிலிருந்து வந்து, சென்னீர்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டும்போதுதான் பார்த்தேன். யார் வீட்டுப் பிள்ளைக்கோ காதுகுத்து என்று நினைத்தேன். கிட்டே போனால் என் மூஞ்சி.

மூஞ்சி மட்டும்தான் என்னுடையது. கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ அது. யாரோ திட்டப் போகிறார்கள் என்பது போல கண்ணை அகலமாகத் திறந்து வைத்திருப்பேன். கழுத்துக்குக் கீழே எவனோ ஒரு வெளிநாட்டுக்காரனின் உடம்பை ஒட்டியிருந்தார்கள். தொடை ஒவ்வொன்றும் என் இடுப்பு அகலம். பக்கத்தில் பெரிய எழுத்தில், 'நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானை ஓடி முடித்து எங்கள் பகுதிக்குப் பெருமை சேர்த்த அண்ணனை வாழ்த்தி வரவேற்கிறோம்.' அடியில் வரிசையாக, கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள்.

'ஓடி முடித்து' என்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிளக்ஸ் கடையில் வேலை செய்கிற நண்பன் கட்டையில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது? நான் இன்னும் ஓடவே இல்லியேடா."

"நாளைக்கு ஓடத்தானே போற?"

"முடிக்கலைன்னா?"

"வாயக் கழுவு மாமே. ஞாயித்துக்கெழம எங்க கட லீவு. மஞ்சள் நீராட்டு பேனர் ஒண்ணு அடிச்சதுல ஓரமா துண்டு நின்னுச்சு, அதுல போட்டு உட்டேன். எல்லாம் முடிஞ்சப்பறம் வெச்சா எவன் பாப்பான்? ரூட்டே இப்டிக்காதான் வருது. ஓடிவரச்சொல்ல உன்ன நீயே பாத்துகினு ஓடு."

பதில் சொல்லத் தெரியாதது எனக்குப் புதிதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காசில்லாமல் விடவில்லை. கணக்கு வாத்தியார் எழுப்பிக் கேட்பாரே என்ற பயத்தில் ஒருநாள் போகவில்லை. போகாததற்குக் கேட்பாரே என்ற பயத்தில் மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுபோனது. இருபது வருஷத்துக்கு மேலாக லேத் பட்டறை. இன்றைக்கும் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறிய பிறகு, கடைசியாகக் கடைந்த ஜாப்பை அளந்தேனா இல்லையா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்வதைப் பார்த்து, இது ஹார்ட் அட்டாக்கோ என்று இன்னும் அடித்துக்கொள்ளும்.

டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, காலையில நடங்க" என்றார். நடந்தேன். நடந்தால் யோசனையும் கூடவே நடந்து வந்தது. ஒருநாள் திருவேற்காடு போகிற ரோட்டில் நாய் துரத்தி ஓடினேன். நாய் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் மண்டைக்குள் சத்தமே இல்லை. அதற்காகத்தான் ஓட ஆரம்பித்தேன். ஒரு வருஷம் ஓடிய பிறகு, ஆவடியில் போட்டி ஓட்டம் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பேர் கொடுத்தேன். ஜெயிப்பதற்கு இல்லை. அவர்கள் சொன்ன நேரத்துக்குள் ஒருமுறை முழுசாக முடிக்க வேண்டும், அவ்வளவுதான். பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லியிருந்தேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற இன்னொரு நண்பன், விடியற்காலையில் நான் ஓடுவதை அடிக்கடி பார்த்துவிட்டு நோண்டிக் கேட்டான். அவனிடம் சொன்னது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

பேனர் வைத்த பிறகு முடிப்பது என் ஆசையாக இல்லை. தெருவுக்குக் கொடுத்த வாக்காக ஆகிவிட்டது. அதுவும் நான் கொடுக்காத வாக்கு.

ஆவடி மைதானத்தில் இருட்டோடு கிளப்பிவிட்டார்கள். பருத்திப்பட்டு வழியாக, எங்கள் சென்னீர்குப்பத்தைத் தாண்டி பூந்தமல்லி வரைக்கும் வந்து திரும்ப வேண்டும். அதையே இரண்டு சுற்று. ஆக மொத்தம் நாலு தடவை எங்கள் தெருமுனையைத் தாண்டியாக வேண்டும். கோடை பிறந்திருந்தது. விடிவதற்கு முன்பே பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வெயிலில் சுருண்டு விழுந்து செத்தவர்களைப் பற்றி அந்த ஒரு வாரமும் போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தேன். தண்ணீர் குறைந்தால் போச்சு என்பது மட்டும் மண்டையில் ஏறியிருந்தது. வழியில் மேஜை போட்டுத் தண்ணீர் வைத்த இடத்திலெல்லாம் நின்று குடித்தேன். தாகம் எடுத்ததா என்று கேட்டால், தெரியாது. பயம் எடுத்தது, குடித்தேன்.

இது போதாதென்று எங்கள் தெருமுனை. பேனருக்குக் கீழே மேஜை போட்டு, ஒரு அண்டா மோர், வெட்டின தர்பூசணி, ஜக்கில் ரோஸ் மில்க், எல்லாம் வைத்துக்கொண்டு தெருவே நின்றிருந்தது. எனக்கு முன்னால் போன யாருக்கும் அவர்கள் ஒரு டம்ளர் கூட நீட்டவில்லையாம். "எங்க ஆள் வரட்டும்" என்று மூடி வைத்திருந்தார்களாம்.

"அண்ணாத்தே வந்துட்டாரு! எடு, எடு, மோர எடு!"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எனக்காக மூடி வைத்திருந்த மோர். ஒரு டம்ளர் குடித்தால், "எங்க ஊட்டு மோரு மட்டும் எறங்காதா?" என்று அடுத்த வீட்டுக்காரம்மா. அதையும் குடித்தேன். போட்டோ எடுக்க நிற்கச் சொன்னார்கள். நின்றேன். பேனரில் இருந்த என் கண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்பு ஓரமாகப் போய்த் திரும்பி வந்தேன். மறுபடியும் மோர். இரண்டாம் சுற்றில் வந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், ரோட்டில் நான் மட்டும் ஓடுவது போலிருந்தது. வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருந்தது. பெண்டாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"குடிச்சது போதும். வயிறு பான மாதிரி கீது. உப்பு போட்டு ரெண்டு வாய் எலுமிச்ச மட்டும் குடிச்சிட்டுப் போ."

"இன்னா தங்கச்சி, வெயில் மண்டையப் பொளக்குது, குடிக்காதன்ற?" என்று ஷேர் ஆட்டோ நண்பன் ரோஸ் மில்க்கை நீட்டினான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கொடுத்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவன் கொடுத்ததை வாங்கிக் குடித்தேன்.

கடைசியாகத் தெருமுனையைத் தாண்டி ஆவடிப் பக்கம் திரும்பியபோது தலை கழன்று தனியாக மிதந்தது. பருத்திப்பட்டு தாண்டி ஒரு பஞ்சர் கடை வாசலில் குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. அங்கே தொங்கிய பழைய டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் இரண்டும் முறுக்கிக்கொண்டு, பேனரில் இருந்த காலைப் போல வேறு யாருடையதோ ஆகிவிட்டன. கொஞ்ச தூரம்தான் பாக்கி. மைதானத்தில் மைக் பேசுவது காதில் விழுகிற தூரம்.

கடைசியில் வருபவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் பின்னாலேயே வரும். அது வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண் நான் ஏதோ உளறியதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, டைம் முடிஞ்சிருச்சு. ரோட்டத் தொறக்கணும். ஏறிக்கங்க" என்றாள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். அதனால்தான் தாங்க முடியவில்லை. உள்ளே இருந்த நர்ஸ் நாடி பார்த்துவிட்டு, "தண்ணியே குடிக்கலையா?" என்று கேட்டார்.

"குடிச்சேன். வெச்ச எடத்துல எல்லாம் குடிச்சேன்."

"அட, அளவுக்கு மீறிக் குடிச்சாலும் ஒடம்புல உப்பு கரைஞ்சு போயிடும்ங்க" என்று உப்புக் கரைசலைக் கையில் கொடுத்தார். வெயிலுக்குப் பயந்து தண்ணீரில் விழுந்திருக்கிறேன்.

"மைதானத்துக்கு வெளியவே எறக்கி உட்ருங்கண்ணே" என்று டிரைவரிடம் கெஞ்சினேன். அவர், ஏற்றின ஆளை உள்ளே கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும் என்றார்.

ஆளுயர மாலையோடும் நாலு டிரம்மோடும் நண்பர்கள் ஆட்டோவில் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். வேன் கதவு திறந்து என் தலை தெரிந்ததும் டிரம் எடுத்த எடுப்பில் இறங்கியது. ஜெயித்தவனை வேனில் கூட்டி வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம். கழுத்தில் மாலை விழுந்தது. நான் "முடிக்கல, முடிக்கல" என்கிறேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோ நண்பனின் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். அவன் முகம் மாறி, கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான்.

டிரம் அடித்தவர்களில் பெரியவர் ஒருத்தர் விவரம் புரியாமல், "நிறுத்தணுமா நைனா? இல்ல வேற அடி அடிக்கணுமா?" என்று கேட்டார்.

மாலையை எப்போது கழற்றுவது என்று தெரியாமல் ஆட்டோவில் அதோடேயே வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில் திரும்பும்போது பேனரைப் பார்க்காமல் இருக்க, குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். பேனரை அவிழ்க்கச் சொல்லி போன் பண்ணலாமா, பண்ணினால் கோபித்துக்கொள்வானா என்று அதிலேயே நேரம் போனது. வெயில் தாழ்ந்ததும் ஷேர் ஆட்டோ நண்பன் வாசலில் வந்து ஹாரன் அடித்தான்.

"கெளம்பு மாமே. மிச்சத்த முடிச்சிட்டு வந்துருவோம்."

"இன்னா மிச்சம்?"

"நீ உக்காந்த எடத்துலருந்து கிரவுண்டு வரிக்கும் மிச்சம் கீது இல்ல? அத ஓடிட்டா பேனர் கரீட்டாப் பூடும்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. முடியாது என்று என் சார்பில் பெண்டாட்டி சொல்லுவாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"மத்தியானம் தண்ணி புடிக்கப் போனேன். பேனருக்குக் கீழதான் நிக்கணும். 'உன் ஊட்டுக்காரரு வேன்ல ஓடுனாராமே'ன்னு ஒருத்தி கேக்குறா. எல்லாரும் சிரிக்கிறாங்க. நாளைக்கும் அங்கதான் நான் போவணும். முடிஞ்சா போய் முடிச்சிட்டு வா."

காலையில் அவள் கொடுத்த டம்ளரைக் கீழே வைத்தது அப்போதுதான் என்னைச் சுட்டது. பேனரில் இருப்பது என் மூஞ்சி, அதன் கீழே நிற்பது அவள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஷூ இன்னும் ஈரமாக இருந்தது.

பஞ்சர் கடை திறந்திருந்தது. எந்த இடத்தில் உட்கார்ந்தேன் என்று காட்டினேன். நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்கும் அந்தக் கம்பத்தாண்டருந்து ஆரம்பி. நாளைக்கு எவனும் ஒரு பேச்சு சொல்லக்கூடாது" என்று இன்னும் பின்னால் தள்ளிக் கொண்டுபோய் விட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால டிராபிக்கில், பேண்ட்டும் சட்டையுமாக, நொண்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். ஆட்டோ பின்னாலேயே உருண்டு வந்தது.

ஷேர் ஆட்டோவைக் கண்டால் ஜனம் கை காட்டும். அவனுக்கும் நிறுத்தாமல் இருக்கத் தெரியாது. கொஞ்ச தூரத்திலேயே நாலு பேர் ஏறிவிட்டார்கள். என் வேகத்துக்கு வண்டி ஊர்ந்ததும் ஒரு அம்மா சத்தம் போட்டார்.

"இன்னாப்பா, நடந்தே போயிருக்கலாம் போலகீதே! யாரு அந்தாளு? திருடனா, தொரத்திகினு போறியா?"

"மாரத்தான்மா அது."

"அது காலீலயே முடிஞ்சிபோச்சே?"

"எல்லாருக்கும் முடிஞ்சிச்சு. இவருக்கு இன்னும் முடியல."

அது எனக்குக் கேட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, பைக்கில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கால் வலித்த வலிக்கு அழுதிருக்கலாம், அழுதால் அதையும் அந்த அம்மா பார்ப்பார். வழக்கமாக ஓடும்போது மண்டைக்குள் வரும் அமைதி அன்றைக்கு வரவில்லை. ஒவ்வொரு அடியும் தெரிந்தது, ஒவ்வொரு கண்ணும் தெரிந்தது. நிற்கலாம் என்று தோன்றியபோதெல்லாம், தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஒருத்தியின் முதுகு கண்முன் வந்தது.

மைதானத்தில் முடிவுக்கோட்டுக்கு மேலே நிறுத்தியிருந்த வளைவைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நசுங்கிய காகித டம்ளர்கள் மட்டும் கிடந்தன. கோடு எங்கே இருந்தது என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று எதிர்ச் சுவர் வரைக்கும் போய்க் கையால் தொட்டேன். நண்பன் ஆட்டோவை விட்டு இறங்கிக் கை தட்டினான். அவன் ஒருத்தன்தான் தட்டினான். உள்ளே இருந்த அம்மா, "முடிஞ்சிச்சா? இப்பவாவது வண்டிய எடு நைனா" என்றார்.

திரும்பி வரும்போது பேனரை அவிழ்த்துவிடச் சொல்லி அவனிடம் கேட்டேன். "அதான் முடிச்சிட்ட இல்ல, இனிமே எதுக்கு அவுக்கணும்?" என்றான். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் லாரி வந்தது. எங்கள் வீடு தெருமுனைக்கு மூன்றாவது வீடு, ஜன்னலோரம் நின்றால் தொட்டியடியில் பேசுவது கேட்கும். வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போடாமல் நின்றேன்.

"இன்னாடி, உன் ஊட்டுக்காரரு சாயங்காலம் மறுபடி ஓடுனாராமே? எங்க வூட்டுக்காரரு பஸ்லருந்து பாத்தாராம்."

நான் ஜன்னலுக்கு இன்னும் கிட்டே போனேன்.

"ஆமா. காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். முடிச்சிட்டாரு" என்றாள் என் பெண்டாட்டி. "கொடத்த நவுத்து, அடுத்தது என்னுது."

யாரோ சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாளா என்பது ஜன்னலிலிருந்து தெரியவில்லை. அவள் குடத்தோடு உள்ளே வந்தபோது நான் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளவில்லை. முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.