பொட்டு வைத்த பிரிண்டர்

நெட்வொர்க் வேலை செய்பவனை, எல்லாம் ஓடும்போது யாரும் நினைப்பதில்லை. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

வாயைக் கொடுத்தது

தொண்ணூறுகளில், மலேசியாவில் ஜுரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை. பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் பிரிண்டர்களுக்குத் தங்கள் முகவரி நினைவிருக்காது. சுவிட்ச் போட்டதும் நெட்வொர்க்கில் கேட்கும், சர்வர் கொடுக்கும், அது கிடைத்தால்தான் அச்சடிக்கும். அந்த ஏற்பாடு என்னுடையது. "கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டலாம்" என்று பேக்கிங் சூப்பர்வைசர் மல்லிகா அக்காவிடம் பெருமையடித்தேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நிறுத்தினால் மறுபடி ஓடாதோ என்ற பயத்தில், ஆயுத பூஜைக்கு மெஷின்களை நிறுத்த மேனேஜர் அதுவரை விட்டதே இல்லையாம்.

"உங்கள நம்பித்தான் பாஸ்கிட்ட கேக்கப் போறேன் தம்பி, கவுத்துடாதீங்கலா."

என் கையால்

மேனேஜர் சீனர். அரைமனதாகத்தான் சம்மதித்தார், கோளாறு வந்தால் அடுத்த வருடம் பூஜை கிடையாது என்றார். சர்வர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திப் பொட்டு வைத்தார்கள். தீபாராதனை முடிந்ததும், மெயின் சுவிட்சை நான்தான் போட வேண்டும் என்றார் அக்கா. நெற்றி நிறைய விபூதியுடன் போட்டேன். பிரிண்டர்கள் உடனே எழுந்து முகவரி கேட்டன. சர்வர் எழுந்திருக்கச் சில நிமிடங்கள் ஆகும். நான் சோதித்த நாளெல்லாம் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் இது எனக்கு உறைக்கவே இல்லை. பதில் வராத பிரிண்டர்கள் அப்படியே அடங்கிவிட்டன. வாசலில் துறைமுகம் போகும் லாரி நின்றது; பெட்டிகளில் லேபிள் இல்லை. சாமி கும்பிட்டதும் கெட்டுவிட்டதா என்று மேனேஜர் மலாயில் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"லெப்பாஸ் செம்பாயாங், தெருஸ் ரோசாக்கா?"

சுண்டலோடு நின்றவர்கள்

ஒவ்வொரு பிரிண்டரையும் அணைத்து மறுபடி போட்டேன். சர்வர் அதற்குள் விழித்திருந்தது, லேபிள் வந்தது, லாரி தாமதமாகக் கிளம்பியது. பையைத் தூக்கிக்கொண்டு நழுவியிருப்பேன். ஆனால் அடுத்த வருடம் பூஜை வேண்டாம் என்று மேனேஜர் சொல்ல, அக்கா குங்குமத் தட்டோடு நின்றார். "பூஜை இல்ல பாஸ், தப்பு என்னுது" என்றேன். சர்வரை முதலில் எழுப்பியிருக்க வேண்டும் என்று விளக்கினேன். சுவிட்ச் போட்டது யார் என்றார் மேனேஜர். நான்தான் என்றேன். கையில் சுண்டலோடு நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்படி ஒரு வெட்கம். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் கும்பிடலாம் என்று சொல்லிப் போய்விட்டார். அக்கா குங்குமத்தைத் தொட்டு என் நெற்றியில் வைத்தார்.

"எல்லா மெஷினுக்கும் வச்சோம், உங்கள விட்டுட்டோம்லா தம்பி."

அடுத்த வருடமும் மறக்காமல் பூஜைக்கு அழைத்தார்கள். சுவிட்ச் இருந்த பக்கம் மட்டும் என்னை விடவில்லை.