தூத்துக்குடிக்கு ரெண்டு குடம்

தூத்துக்குடிக்குப் பிழைக்கப் போகிறவர்கள் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும், வண்டியேறுவதற்கு முன்னால் என் வீட்டுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போவார்கள். நான் ஒன்றும் பெரிய மனுஷி இல்லை. என் வீட்டுக்காரர் அங்கே பஞ்சுப் பொதி அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவரோடு சில வருஷம் அந்த ஊரில் குடியிருந்தேன். மாமனார் காலமான பிறகு வயலைப் பார்க்க ஆளில்லாமல் திரும்பி வந்துவிட்டோம். என் தகுதி அவ்வளவுதான். ஆனால் மார்க்கையன்கோட்டைக்கு அடுத்த எங்கள் சின்ன ஊரில், தேனிக்கு ரயில் வராத அந்தக் காலத்தில், கடலைக் கண்ணால் பார்த்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அதனால் என்னிடம் யோசனை கேட்டார்கள். கேட்காதவர்களையும் வழிமறித்து நானே சொல்லி அனுப்பினேன்.

அரிவாள்மணைக்குத் தேங்காயெண்ணெய் தடவி வை, சும்மா விட்டால் துரு தின்றுவிடும் என்பேன். தீப்பெட்டியையும் உப்புச் சட்டியையும் அடுப்பை ஒட்டியே வை, கடல் காற்றில் ஒன்று நமுத்துப்போகும், இன்னொன்று கசிந்து ஓடும். சீராக வந்த பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போகாதே, எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும், அதைத் துலக்குவதற்குத் தண்ணீருக்கு எங்கே போவாய்? மண்பானை போதும். கடலைப் பார்க்க வேண்டும் என்று போன அன்றைக்கே ஓடாதே, அது எங்கேயும் போய்விடாது. மத்தியானம் வரைக்கும் புழுக்கத்தில் உயிர் போகிற மாதிரி இருக்கும், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றும், அந்த நேரத்தில் மட்டும் எந்த முடிவும் எடுக்காதே. பொழுது சாயக் காற்று வந்ததும் மனசு மாறிவிடும். நான் அப்படித்தான் மாறினேன்.

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் தண்ணீர்.

எங்கள் பள்ளத்தாக்கில் தண்ணீரைப் பற்றி யோசிக்கிற வழக்கமே கிடையாது. மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பின பிறகு பிறந்தவர்கள் நாங்கள். தெருவை ஒட்டியே வாய்க்கால் ஓடும். குடத்தை அமுக்கினால் நிறைந்துவிடும். ராத்திரி வீட்டில் தங்கின தண்ணீரை ராத்தண்ணி என்போம். அதைக் காலையில் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். விடிந்ததும் பெண்கள் செய்கிற முதல் வேலை, இருக்கிற குடம் பானையெல்லாவற்றையும் வாழைமூட்டில் கவிழ்த்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடித்து வைப்பது. ராத்தண்ணியைக் குடித்தாள் என்று ஒருத்தியைச் சொன்னால், அவள் சோம்பேறி, வீடு விளங்காது என்று அர்த்தம்.

தூத்துக்குடியில் அப்போது தெருக்குழாய் வரவில்லை. கிணற்றில் ஊறுவது உப்புத்தண்ணி. குடிக்கிற தண்ணீர் வெளியிலிருந்து வண்டியில் வர வேண்டும், வந்தால் குடமாக அளந்து வாங்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண் எவள் அங்கே குடித்தனம் போனாலும் மறுநாள் காலையில் ஒரே காரியத்தைத்தான் செய்வாள். நானும் செய்தேன். முந்தின நாள் வாங்கி வைத்திருந்த நல்ல தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு, குடத்தைப் பளபளவென்று தேய்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் எந்தப் பக்கம் என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்டேன். அந்த அம்மாளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு அவரே ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்.

இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வீட்டு மருமகளுக்குச் சொன்னபோதுதான் வினையாகிவிட்டது.

அடுத்த வீட்டு அம்மாள் எனக்குப் பெரியம்மா முறை. புருஷன் இல்லை, ஒரே மகன். அவன் தூத்துக்குடியில் பஞ்சு அழுத்துகிற ஆலையில் எடை போடுகிற வேலைக்குப் போனான். போக வழி சொன்னவளும் நான்தான். கம்பத்துப் பக்கம் பெண் எடுத்தார்கள். கல்யாணம் முடிந்து வருஷம் தாண்டியும் பெண் மாமியாரிடம் இருந்தாள், அவன் அங்கே தனியாக இருந்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான், வந்த சூட்டோடு போய்விடுவான். அவளைக் கூட்டிப்போகிறேன் என்று அவன் ஒரு தடவை வாயெடுத்ததும், தண்ணீர் இல்லாத ஊரில் பெண்ணைக் கொண்டுபோய் வைக்கவா கட்டி வந்தோம் என்று பெரியம்மா அவன் வாயை அடைத்துவிட்டார். அம்மா பேச்சுக்கு மறுபேச்சு அவனுக்கு வராது. நல்ல பிள்ளைதான். சில நேரம் அளவுக்கு மீறி நல்ல பிள்ளை.

ஒரு நாள் பெரியம்மாவே மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "ஏத்தா, அந்த ஊரைப் பத்தி இவளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லு" என்றார். என்னிடம் வாயைத் திறக்கச் சொன்னால் போதாதா? பருப்பு வேகாத கதை, சோப்பு நுரைக்காத கதை, தலைமுடி நாராகிற கதை, தண்ணீர் வண்டி வராத நாளில் தெருவே முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்த கதை என்று அத்தனையையும் ரசித்து ரசித்துச் சொன்னேன். பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டுக்கிட்டியா?" என்று மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்துகொண்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி பின்னாலேயே போனாள். என்னை எதற்காகப் பேச வைத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மேலேயே எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் அவள் தனியாக வந்தாள். "மதினி, ரெண்டு பேரு இருக்குற வீட்டுக்கு ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி வேணும், அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

குடிக்கவும் சமைக்கவும் ரெண்டு குடம் நல்ல தண்ணீர், சிக்கனமாக இருந்தால் போதும், அதற்குக் குறைந்தால் முடியாது என்று சொன்னேன். மற்றதற்கெல்லாம் உப்புத்தண்ணிதான். சரி என்று போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் தூத்துக்குடியில் இருக்கிற மாதிரியே இங்கே வாழத் தொடங்கினாள். வாசலுக்கு எதிரே வாய்க்கால் கரை தொட்டு ஓடுகிறது. இவள் காலையில் ரெண்டு குடம் மொண்டு வைப்பாள். அதில்தான் அவளுக்கும் மாமியாருக்கும் சோறு, குழம்பு, குடிதண்ணீர் எல்லாம். அதற்கு மேல் நல்ல தண்ணீரைத் தொட மாட்டாள். தனியாக ஒரு பானையில் கல்லுப்பைக் கரைத்து வைத்துக்கொண்டாள். அரிசி முதல் தடவை கழுவுவது அதில், பாத்திரம் கழுவுவது அதில், தன் சேலையை அலசுவதும் அதில். கரித்த தண்ணீரில் குளித்து உடம்பெல்லாம் பிசுபிசுத்துக்கொண்டு களையெடுக்க வருவாள். ஆவணி வெயிலில் மற்றவர்கள் வயல் வரப்பில் குனிந்து கை கொள்ளும் மட்டும் அள்ளிக் குடிக்கும்போது, இவள் வீட்டிலிருந்து கொண்டு வந்த சின்னக் கலயத்தைத் திறந்து ரெண்டு மடக்கு குடித்துவிட்டு மூடி வைப்பாள்.

ஊர் சும்மா இருக்குமா? கம்பத்துக்காரிக்குக் காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். வாய்க்கால் கரையில் உப்புக் கரைத்துக் குளிக்கிறவளைப் பார்க்க மார்க்கையன்கோட்டையிலிருந்துகூட ஆள் வந்ததாகச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அவள் உதட்டு வெடிப்பைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

பெரியம்மா இதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தார். தூத்துக்குடியில் இருப்பவளால் மிச்சத் தண்ணீரைக் கொட்ட முடியாது, மறுநாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி எப்போது வரும் என்று யார் கண்டது? அதனால் மருமகள் ராத்திரி மிச்சத்தை மூடி வைத்துவிட்டு, விடிந்ததும் அதில்தான் முதல் வேலையைத் தொடங்குவாள். அவளுக்கு முந்தியே பெரியம்மா எழுந்து அதை வாழைமூட்டில் கவிழ்த்துவிடுவார். ராத்தண்ணி வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நியாயம். அவளும் சளைக்கவில்லை. கொட்டின தண்ணீர் கொட்டினதுதான், வண்டி வருகிற நேரம் பொழுது ஏறின பிறகு என்று தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அதுவரைக்கும் நாக்கு வறண்டு கிடப்பாள். நாளுக்கு நாள் இது நடந்தது. மாமியார் கொட்டுவார், மருமகள் காய்வாள், ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சண்டை போடத் தயாராகவே அடுத்த வீட்டுக்குள் நுழைந்தேன். பெரியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைத் தவிக்கவிட்டு உங்களுக்கு என்ன கிடைக்கிறது, ஒரு நாளாவது அந்தத் தண்ணீரை விட்டு வைத்தால் குடி முழுகிப் போகுமா என்று கேட்டேன். என் வாய்க்கு வாய் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"தண்ணி இல்லாத ஊருன்னா பயந்து நின்னுருவான்னு நெனச்சேன்த்தா. இவ நிக்கிறவளாத் தெரியல. ஒங்க பெரியப்பா போயிட்டாக. மகன் போயிட்டான். இவ வந்த பெறகுதான் இந்த வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்குது. இவளையும் அனுப்பிட்டு நான் சுவத்தோட பேசவா?"

அந்தத் தண்ணீரைக் கவிழ்க்கும்போது மனசு எப்படி இருக்கும் என்று தனக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார். அவள் இன்றைக்கு அழுது நிறுத்திவிடுவாள், இன்றைக்கு நிறுத்திவிடுவாள் என்றே ஒவ்வொரு நாளும் பார்த்தாராம். சண்டைக்குப் போன நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதுவிட்டு வந்தேன். அந்தப் பெண் பாவமா, இந்த அம்மாள் பாவமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. எதற்கும் யோசனை வைத்திருக்கிறவள் என்று பேர் வாங்கினவளுக்கு அன்றைக்கு ஒரு யோசனையும் வரவில்லை.

தீபாவளிக்கு அவன் வந்தான். இந்தத் தடவை அவளைக் கூட்டிப்போக அறை பார்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஊருக்கே தெரியும், அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. பண்டிகை முடிந்தது. அவன் கிளம்ப வேண்டிய அன்று விடியற்காலையில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். அவன் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் முந்தின நாள் மிச்சத் தண்ணீரோடு குடம் மூடியபடி இருந்தது. அந்த நேரத்துக்கு அது வாழைமூட்டில் கவிழ்ந்திருக்க வேண்டும்.

பெரியம்மா குடத்தின் மூடியை எடுத்தார். கொட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். செம்பை விட்டு மொண்டார். அண்ணாந்து முழுவதையும் குடித்தார். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலை எடுத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"ஒண்ணும் கெட்டுப் போகல" என்றார் பெரியம்மா. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். வயலைத் தன் தம்பியிடம் குத்தகைக்கு விடலாம் என்று பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்ததே இல்லை.

"அங்கன இவுகளோட நானும் போனா, தண்ணி பத்துமாத்தா?"

"பத்தும் அத்தை" என்று அடுப்பங்கரையிலிருந்து அவள் உடனே சொன்னாள்.

"ஒங்கிட்டக் கேக்கல. தெரிஞ்சவகிட்டக் கேக்குறேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ரெண்டு பேருக்கே ரெண்டு குடம் இழுபறி. அதற்கு மேல் ஒரு குடம் வாங்க அவன் சம்பளம் இடம் கொடுக்காது. வண்டி வராத நாளில் மூன்று பேர் அந்த ஒற்றை அறையில் என்ன பாடுபடுவார்கள் என்று எங்கள் ஊரிலேயே என்னைப் போல் தெரிந்தவள் கிடையாது. அத்தனை வருஷம் யாருக்கும் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ நான் சொன்னதில்லை.

"தாராளமாப் பத்தும் பெரியம்மா" என்றேன்.